அந்தச் சிங்கம் யார்?

சிதறால்

அன்புள்ள பிள்ளைக்கு,

உன் கேள்வி மனசை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. தடை ஓட்டக்காரத் தோழியைச் சிதறாலின் திருச்சாரணத்து மலை உச்சியில் நிறுத்தி, சாயங்கால வெயிலில் எடுத்தால் 'கதை சொல்லும் படம்' வந்துவிடுமா என்று கேட்டிருக்கிறாய். வராது. மலையின் படம் வரும். அதன் உயரத்தைக் காட்ட அவள் ஓர் அளவுகோலாக நிற்பாள். கையைக் கட்டிக்கொண்டு முறைப்பது, பதக்கத்தைக் கடிப்பது, தண்ணீரைத் தெளித்துவிட்டு வியர்வை என்பது, இதெல்லாம் எந்த வீரருக்கும் பொருந்தும். பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

மலைக்குப் போயே தீருவேன் என்றால், படிக்கப் போ. 9-ஆம் நூற்றாண்டையொட்டிச் சமணர் பாறையில் வெட்டிய தீர்த்தங்கரர் வரிசையைப் பார். ஒரே முகம், ஒரே அமைதி. தலைக்குமேல் பாம்பு படமெடுத்தால் பார்சுவநாதர் என்று தெரிகிறது. அது அடையாளம் மட்டுமே. அப்படியே சமண யட்சி அம்பிகையிடம் வா. அவளோடு பிள்ளைகளும் சிங்கமும் உண்டு. சமண மரபு அவள் கதையைச் சொல்கிறது. திதிக்குச் சமைத்ததைத் துறவிக்கு இட்ட குடும்பப் பெண் அவள். புருஷன் விரட்டினான். இரண்டு ஆண்பிள்ளைகளோடு வெளியேறியவள், உயிரை விட்டுத் தெய்வமானாள். பிறகு மனம் மாறித் தேடிவந்த புருஷனும் செத்து, மறுபிறவியில் அவளுக்கு வாகனமானான். அந்தச் சிங்கம் யார் என்று இப்போது தெரிகிறதா? விரட்டியதையும் அழுததையும் சிற்பி செதுக்கவில்லை. எல்லாம் நடந்து முடிந்தபின் மிஞ்சியதை மட்டும் அவள் அருகே வைத்தான்.

படத்திலும் அப்படி மிஞ்சியதைத்தான் தேட வேண்டும். சேலத்து மாரியப்பன் தங்கவேலுவை எடுத்துக்கொள். ஐந்து வயதில் பேருந்து ஏறி வலதுகால் நசுங்கியவர், 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வாங்கினார். அடுத்து டோக்கியோவில் மழை. அந்தக் காலில் போட்டிருந்த சாக்ஸ் நனைந்து, தாண்டச் சிரமமாகிவிட்டது என்றார். 1.86 மீட்டர், வெள்ளி. அன்றைக்கு நான் அங்கே கேமராவோடு இருந்திருந்தால் பதக்கத்தை ஒதுக்கிவிட்டு அந்த ஈரச் சாக்ஸோடு அவரை உட்கார வைத்திருப்பேன். அவருடைய சிங்கம் அது.

ஆனால் இல்லாத சிங்கத்தை நீ உண்டாக்காதே. 1961-இல் ஃபிளிப் ஷுல்கே எடுத்த படம் ஒன்று: காசியஸ் கிளே நீச்சல்குளத்தின் அடியில் குத்துச்சண்டைக்கு நிற்கிறார். தண்ணீருக்குள்தான் பயிற்சி என்று கிளே விட்ட கதையை நம்பி 'லைஃப்' பத்திரிகை வெளியிட்டது. அவருக்கு நீச்சலே தெரியாது! உண்மை தெரிந்தபிறகு எனக்கு அந்தப் படம் இன்னும் பிடித்துப்போயிற்று. பின்னாளைய முகமது அலியின் வாய்ச்சாலகம் முழுக்க அதில் இருக்கிறது. உனக்கு அது முன்மாதிரி ஆகாது. உன் தோழி அலி இல்லை.

முதலில் கேமரா இல்லாமல் அவளிடம் போய்ப் பேசு. தடை தாண்டும்போது பின்னால் வரும் காலின் முழங்கால் உட்புறமும் கணுக்காலும் கட்டையில் இடிபடும்; தழும்பு இருக்கக்கூடும். காட்டலாமா என்று கேள். வேண்டாம் என்றால் விட்டுவிடு, வேறு தேடு. சரி என்றால் திண்ணையில், காலை வெயில் பக்கவாட்டில் விழும்போது, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்காரச் சொல். முகமும் முழங்காலும் கேமராவுக்கு ஏறக்குறைய ஒரே தூரத்தில் இருக்கட்டும். எஃப் 1.8 வைத்துப் பின்னணியைக் கரைக்கிற பித்து உனக்கு உண்டு, 5.6 வை. எதிரே நின்று ஃபிளாஷ் அடித்தால் தழும்பு தட்டையாகிவிடும், புடைப்புச் சிற்பத்துக்கும் அதே கதிதான். எந்தத் தடையில் விழுந்தாள், எழுந்து ஓடினாளா என்று கேட்டுக்கொண்டிரு. பதில் சொல்லும்போது அமுக்காதே, வாய் கோணும். சொல்லி முடித்ததும் அமுக்கு. "கொஞ்சம் சிரி" என்று தயவுசெய்து சொல்லாதே.

85 மி.மீ. லென்ஸுக்காக அப்பாவை நச்சரிக்க வேண்டாம். கையிலிருக்கும் 50 போதும். அவள் சம்மதித்தால் படங்களை எனக்கு அனுப்பு, நீ கழித்துப் போட்டவற்றையும் சேர்த்து.