சைலன்சர் மாட்டினால் சத்தமே வராதா?

2017-இல் வந்த 'ஜான் விக்' இரண்டாம் பாகத்தில் ஒரு காட்சி. நியூயார்க் ரயில் நிலையக் கூட்டத்தின் நடுவே இருவர் கோட்டுக்குள் துப்பாக்கியை மறைத்துக்கொண்டு ஒருவரையொருவர் சுட்டுக்கொள்வார்கள். 'ப்ஸ்க், ப்ஸ்க்' என்பதைத் தவிர ஒன்றும் கேட்காது. நடந்து போகிறவர்கள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். நம் ஊர்ப் படங்களிலும் வில்லனின் துப்பாக்கி இதே சத்தம்தான் போடும்.

படத்தில் பார்த்துவிட்டு மறந்துவிடலாம். ஆனால் அமெரிக்காவில் 42 மாநிலங்களில் சாதாரணக் குடிமகன் சப்ரஸர், அதாவது சைலன்சர், வாங்கி வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. 1934-லிருந்து இருந்த 200 டாலர் வரி 2026 ஜனவரி 1 முதல் பூஜ்யமாகிவிட்டது. விண்ணப்பம், கைரேகை, பின்னணிச் சோதனை, பதிவு எல்லாம் அப்படியேதான் இருக்கின்றன. வரி போனதும் முதல்முறை வாங்குகிறவர்கள் நீளம், டெசிபெல், மாட்டும் முறை என்று மூன்றையும் ஒப்பிட்டுப் பார்க்க உட்காருகிறார்கள். சினிமா நம்பிக்கைகளும் கூடவே வந்து உட்காருகின்றன.

நம்பிக்கை: மாட்டியதும் சத்தம் போய்விடும்.

இந்தக் கதையைத் தொடங்கி வைத்தவரே இதை விற்றவர்தான். ஹைரம் பெர்சி மாக்சிம் 1909-இல் காப்புரிமை வாங்கியபோது தன் கருவிக்கு 'ஓசையில்லாத துப்பாக்கி' என்ற பொருள்படத்தான் தலைப்பு வைத்தார். இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்து, அந்தச் சத்தத்திலேயே காது மந்தமாகிப்போன மாக்சிமின் மகன் இவர். மோட்டார் வண்டிச் சத்தத்தைக் குறைக்கும் வேலையிலும் இறங்கியவர். பைக் சைலன்சருக்கும் இதற்கும் தத்துவம் ஒன்றுதான்: சூடான வாயுவை ஒரேயடியாக வெளியே விடாமல், அறை அறையாக விரிய விட்டு, ஆறவிட்டு அனுப்புவது.

உண்மையில், துப்பாக்கியிலிருந்து வருவது மூன்று சத்தம். குழல்வாயில் வெடித்துக் கிளம்பும் வாயு ஒன்று. ஒலியை முந்திப் பறக்கும் குண்டு காற்றைக் கிழிக்கிற சொடுக்கு இன்னொன்று. உள்ளே இரும்பும் இரும்பும் மோதுவது மூன்றாவது. சப்ரஸர் கை வைக்க முடிவது முதலாவதில் மட்டும். ஒலியின் வேகம் நொடிக்கு சுமார் 343 மீட்டர், 5.56 மி.மீ. குண்டு சுமார் 900 மீட்டர் வேகத்தில் போகிறது. அந்தச் சொடுக்கை எந்தக் குழாயாலும் பிடித்து வைக்க முடியாது.

அப்படிப்பட்ட ரைஃபிள் சப்ரஸர் இல்லாமல் 165 டெசிபெல் அளவில் வெடிக்கும். நல்ல சப்ரஸர் அதை 135 பக்கம் கொண்டுவரும். 30 டெசிபெல் குறைந்தால் ஒலியழுத்தம் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்காகிறது. சாதாரண விஷயமில்லை. ஆனாலும் அது 'ப்ஸ்க்' ஆகிவிடாது. திடீர்ச் சத்தத்துக்குக் காது தாங்கும் எல்லையாக வழக்கமாக வைக்கப்படுவது 140 டெசிபெல். அதற்கு மேலே இருந்ததை அதற்குக் கீழே இறக்குவதுதான் இதன் வேலை. சுடுதளத்தில் காதடைப்பானையும் சேர்த்துப் போட்டுக்கொள்வதே புத்திசாலித்தனம்.

சத்தமே இல்லாத துப்பாக்கி இருந்ததே என்றால், ஓரளவுக்கு ஆமாம். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் செய்த டி லைல் கார்பைன். அது ஒலிவேகத்துக்குக் கீழே போகும் .45 கைத்துப்பாக்கித் தோட்டாவைப் போட்டுச் சுட்டது. ஒவ்வொரு முறையும் போல்ட்டைக் கையால் இழுக்க வேண்டும். அந்த அமைதியில் பாதிக்கு மேல் தோட்டாவின் புண்ணியம்.

நம்பிக்கை: டெசிபெல் எண் குறைந்தது எதுவோ அதுவே சிறந்தது.

ஆளை ஏமாற்றுவதில் இதற்குத்தான் முதலிடம். எண் என்றாலே நமக்கு ஒரு மரியாதை வந்துவிடுகிறது. அந்த எண் எங்கே வைத்து அளந்தது? அமெரிக்க ராணுவ அளவைமுறை ஒன்றில் மைக் நிற்பது குழல்வாயிலிருந்து பக்கவாட்டில் ஒரு மீட்டர் தள்ளி, தரையிலிருந்து 1.6 மீட்டர் உயரத்தில். சுடுகிறவர் காது அங்கே இல்லை. ஏஆர் வகை அரைத் தானியங்கி ரைஃபிளில், சப்ரஸர் தடுத்த வாயுவில் ஒரு பங்கு குழல் வழியே பின்னால் வந்து, காலித் தோட்டா வெளியேறும் துளையில் காதுக்குப் பக்கத்திலேயே பீறிடும். குழல்வாயில் அமர்க்களமான எண்ணைக் காட்டும் சப்ரஸர் காதில் சுமாராக இருப்பது இதனால்தான்.

குழலின் நீளமும் கணக்கில் வர வேண்டும். 20 அங்குலக் குழலில் வெடிமருந்து நன்றாக எரிந்து அழுத்தம் தணிந்து வரும். 10 அங்குலக் குழலில் வாயு முழு ஆவேசத்தோடு வாசலுக்கு வந்துவிடும். ஒரே சப்ரஸர், இரண்டு ரைஃபிள், இரண்டு எண். போதாக்குறைக்கு முதல் குண்டு: சப்ரஸருக்குள் தங்கியிருக்கும் காற்றின் ஆக்சிஜனால் எரியாத மருந்து உள்ளேயே பற்றிக்கொண்டு, முதல் வெடி மட்டும் கூடுதலாகக் கேட்கும். விளம்பரத்தில் சராசரியைப் போட்டால் அது தெரியாது. ஒரே நாள், ஒரே ரைஃபிள், ஒரே தோட்டா, ஒரே மைக் என்று அளந்தவற்றைத்தான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். வேறு வேறு கம்பெனிக் காகிதத்திலிருந்து எடுத்த இரண்டு எண்ணுக்கு நடுவே மூன்று டெசிபெல் வித்தியாசம் என்பதை நான் வித்தியாசமாகவே எடுத்துக்கொள்ள மாட்டேன்.

வாயு பின்னால் வராமல் முன்னாலேயே வழிந்தோட விடும் வடிவங்களும் இப்போது வந்திருக்கின்றன. முகத்தில் புகை அடிக்காது. பதிலுக்குக் குழல்வாயில் சற்றுக் கூடுதல் சத்தம். 2022-இல் அமெரிக்கத் தரைப்படை தேர்ந்தெடுத்த புதிய ரைஃபிள் சப்ரஸரோடுதான் வருகிறது. அதன் வடிவமைப்பில், சிப்பாயின் முகத்துக்குத் திரும்பும் நச்சு வாயுவைக் குறைப்பது முக்கிய நோக்கமாக இருந்தது.

நம்பிக்கை: நீளம் கூடக்கூட அமைதி கூடும்.

ஓரளவுக்குத்தான். உள்ளே இடம் அதிகமானால் வாயு விரிய வசதி. ஆனால் விட்டத்தைக் கூட்டினாலும் இடம் கிடைக்கும். 15 சென்டிமீட்டரிலிருந்து 20-க்குப் போகும்போது கிடைக்கிற பலன் அதற்கு மேல் போகப்போகச் சுருங்கும். குழலின் நுனியில் அரைக் கிலோ தொங்கினால் கை உடனே சொல்லிவிடும். பின்லாந்து வேட்டைக்காரர்களிடையே சப்ரஸரின் ஒரு பகுதி குழலின் மேலேயே பின்னோக்கி உறைபோல ஏறி உட்காரும் வகை உண்டு. உள்ளிடம் நிறைய, முன்னால் நீட்டுவது கொஞ்சம்.

நம்பிக்கை: சட்டென்று கழற்றி மாட்டும் மவுண்ட் எப்போதும் மேல்.

நேரடி மரைதான் லேசானது, குட்டையானது. 5.56-க்கு வழக்கமானது அரை அங்குல விட்டம், அங்குலத்துக்கு 28 மரை, 7.62-க்கு அஞ்சு நூல் விட்டம், 24 மரை. குறை என்னவென்றால், சுடச்சுடச் சூடேறித் தானாக இளகும். நடுநடுவே முறுக்கிப் பார்த்துக்கொள்ள வேண்டும். சட்டென்று மாட்டும் வகைக்கு முதலில் குழலில் ஒரு தனிப் பாகத்தை முறுக்க வேண்டும். எடை ஏறும், நீளம் ஏறும், கரி படிந்து சில சமயம் கழற்றவே வராமல் இறுகிக்கொள்ளும். ஒரே சப்ரஸரைப் பல ரைஃபிளுக்கு மாற்றுகிறவருக்கு அந்தத் தொல்லை தகும்.

எந்த வகையானாலும் நேராக உட்கார வேண்டும். உள்ளே இருக்கும் தடுப்புத் தட்டுகளின் துளை குண்டைவிடக் கொஞ்சம்தான் பெரிது. நசுங்கும் வாஷரைப் போட்டு முறுக்கினால் அது ஒரு பக்கம் அதிகமாக நசுங்கி, குழாய் கண்ணுக்குத் தெரியாத அளவு கோணிவிடும். முதல் குண்டே தட்டை உரசலாம். ஆகவே தட்டையான ஷிம் தகடுதான் போடுவார்கள். பிறகு, துப்பாக்கி காலி என்று உறுதி செய்துகொண்டு, குழலுக்குச் சரியாகப் பொருந்தும் நேரான எஃகுக் கம்பியை உள்ளே விட்டு, சப்ரஸர் வாயில் எட்டிப் பார்ப்பார்கள். கம்பியைச் சுற்றித் தெரியும் இடைவெளி எல்லாப் பக்கமும் ஒரே அகலத்தில் இருந்தால் சுடலாம். ஒரு பக்கம் பிறைபோல மெலிந்தால் கழற்றிவிட வேண்டியதுதான்.

நம்பிக்கை: குண்டின் வேகம் குறைந்துவிடும்.

குறையாது, பல ரைஃபிள்களில் ஒரு மயிரிழை கூடவே செய்கிறது. மாறுவது குண்டு விழும் இடம். நுனியில் எடை ஏறியதும் குழல் அதிரும் விதம் மாறுகிறது; குண்டு பழைய புள்ளியைவிட்டு இரண்டு விரற்கடை தள்ளி விழலாம். நல்ல மவுண்டில் அந்தத் தள்ளல் ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம், ஒரே அளவு. சப்ரஸரோடு வேட்டைக்குப் போகிறவர் சப்ரஸரோடேயே ஜீரோ பார்த்து வைத்துக்கொள்கிறார்.