பஞ்சாயத்து அப்ரூவல் என்னும் பிரமை

மனை வாங்கப் புறப்படுகிறவர்களிடையே, எத்தனை முறை மறுத்தாலும் மடியாத வதந்தி ஒன்று உலவுகிறது: ‘பஞ்சாயத்து அப்ரூவல் ஆன மனை, தலைவர் கையெழுத்தும் முத்திரையும் இருக்கின்றன, வேறென்ன வேண்டும்?’ புரோக்கர் இப்படிப் பேசுவது அவருடைய பிழைப்பு. படித்து உத்தியோகம் பார்த்து, ஆயுட்காலச் சேமிப்பை மடியில் கட்டிக்கொண்டு வருகிறவர்களும் இதை வேதவாக்காக ஏற்றுக்கொள்கிறார்களே, அதுதான் பொறுக்க முடியாத விஷயம்.

1971-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின்படி, நிலத்தை மனைகளாகப் பிரிக்கும் வரைபடம், சென்னைப் பெருநகர்ப் பகுதியில் சி.எம்.டி.ஏ.வாலும் ஏனைய இடங்களில் டி.டி.சி.பி. என்று ஜனங்கள் அழைக்கும் நகர் ஊரமைப்புத் துறையாலும் பரிசீலிக்கப்பட்டு, சாலைகளும் பூங்காவும் தானப் பத்திரத்தின் மூலம் உள்ளாட்சிக்கு ஒப்படைக்கப்பட்ட பின்னரே, ஊராட்சி தன் இறுதி உத்தரவை வழங்குகிறது. ஆகவே ஊராட்சியின் கையெழுத்துக்கு இடம் உண்டு. ஆனால் அது கடைசியில் வரவேண்டியது. முன்னது இல்லாமல் பின்னதை மட்டும் நம்பிப் பணம் கொடுப்பதற்கும், மாப்பிள்ளை வராத பந்தலில் மொய் எழுதுவதற்கும் பேதம் இல்லை.

இந்தப் பிரமை வேரூன்றியதற்குக் காரணமும் உண்டு. அனுமதியற்ற மனைகளையும் சார்பதிவாளர் அலுவலகங்கள் நெடுங்காலம் தடையின்றிப் பதிவு செய்துகொடுத்தமையால், பத்திரம் பதிவானதே அரசாங்கத்தின் சம்மதம் என்று ஜனங்கள் எண்ணிவிட்டார்கள். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பதிவைத் தடுத்தது. அடுத்த மாதம் 20-ஆம் தேதி, அத்தகைய பதிவை மறுக்கச் சொல்லும் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு அமலுக்கு வந்தது. அந்தத் தேதிக்கு முன் உருவான மனைப்பிரிவுகளுக்கு 2017-இல் வரன்முறைத் திட்டம் ஒரு வழி திறந்தது உண்மையே. எனினும் ஏரி, குளம், வாய்க்கால்களின்மேல் போடப்பட்ட மனைகளுக்கு அந்த வழியும் இல்லை. முன்பே மனையாகப் பதிவானது மறுபடியும் பதிவாகலாம் என்ற சலுகையைக் காட்டி விற்கிறவர்கள், வரன்முறை செய்யாத அந்த மனையில் வீடு கட்ட வரைபட அனுமதி கிடைக்காது என்பதை மட்டும் சொல்வதில்லை.

மற்ற நம்பிக்கைகளுக்கு இத்தனை மரியாதை தேவையில்லை. பட்டா இருந்தால் போதுமென்பார்கள்: பட்டா நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதைச் சொல்லுமேயன்றி, அதைக் கூறுபோட அனுமதி உண்டா என்பதைச் சொல்லாது. வீட்டுவரி ரசீது போதுமென்பார்கள்: வரி வசூலித்ததனால் விதிமீறல் நியாயமாகிவிடாது. கட்டணம் கட்டினால் விவசாய உபயோகத்திலுள்ள நிலம் குடியிருப்பாக மாறிவிடும் என்பார்கள்: கட்டணம் பரிசீலனைக்கானதே, அது சம்மதத்தின் விலையாகாது.

அனுமதி பெற்ற மனைப்பிரிவிலும் ஜனங்கள் அசட்டை செய்யும் விஷயம் ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் என்னால் முடிக்க இயலாது. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலைகள் நீங்கலாக நூற்றுக்குப் பத்துப் பங்கு நிலம் பொதுவுக்கு ஒதுக்கப்பட்டாக வேண்டும் என்பது 2019-ஆம் வருஷத்து விதி. அந்தப் பத்துப் பங்கில்தான் குழந்தைகள் ஓடுவதும் முதியவர்கள் காற்று வாங்குவதும் மழைநீர் மண்ணில் இறங்குவதும் சாத்தியமாகின்றன. அதில் முதலில் ஒரு கொட்டகை, பிறகு ஒரு சிறு கோயில், பிறகு நாலு கடைகள் என்று முளைக்கையில், மனைக்காரர்கள் அனைவரும் தம் சொந்தக் காம்பவுண்டுச் சுவரை மட்டும் அளந்துகொண்டிருக்கிறார்கள்.

அட்வான்ஸ் கொடுக்குமுன், அனுமதி எண்ணிட்ட வரைபடத்தின் நகலைக் கேட்டு வாங்கி, அந்த எண்ணை வழங்கிய அலுவலகத்திலேயே சரிபாருங்கள். பூங்காவுக்கான தானப் பத்திரம் பதிவாகியிருக்கிறதா என்றும் கேளுங்கள். கேட்டதற்குக் கோபித்துக்கொள்கிறவரிடம் மனை வாங்காதீர்கள்.