புதிய கலப்பு ஈஸ்ட்டுக்கு ஏற்ற பீர்

இரண்டு மூன்று இன ஈஸ்ட்டுகளை ஒருங்கே அடைத்த புட்டியொன்று, விற்றவர் எழுதிய நாலு வரிகளைத் தவிர வேறு சாட்சியம் ஏதுமின்றிக் கைக்கு வந்து சேருமானால், அதைக் கொண்டு எவ்வகைப் பீரைக் காய்ச்சுவது என்று தயங்குவது இயற்கையே. கலப்பு என்றதும் மிரள வேண்டுவதில்லை. கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்து எமில் கிறிஸ்டியன் ஹான்சன் 1883-இல் ஒற்றை உயிரணுவிலிருந்து பெருக்கிய தூய ஈஸ்ட்டை வழக்கத்துக்குக் கொண்டுவரும் வரையில், பீர்ச்சாலைகளில் இருந்தவை பெரும்பாலும் பெயரறியாத கலவைகளே.

இன்று கிடைக்கும் கலவைகளில் மிகுதியும் காணப்படுவது, ஏல் ஈஸ்ட்டோடு பிரெட்டனோமைசஸ் என்னும் ஈஸ்ட்டைச் சேர்த்தது. நெடுங்காலம் சேமித்து வைத்த ஆங்கிலேய ஏல்களை ஆராய்ந்த கிளாஸன், 1904-இல் பிரிட்டனின் பெயரையே அதற்கு இட்டார். ஏல் ஈஸ்ட் எளிய சர்க்கரைகளை ஓரிரு வாரத்தில் உண்டு ஓய்ந்துவிட, அது தொடாமல் விட்ட டெக்ஸ்ட்ரின்களை மாதக்கணக்கில் மென்று, தோலும் வைக்கோற்போரும் கலந்தது போன்றதொரு வாசனையைப் பிந்தியது எழுப்புமாதலால், ஒரே பாத்திரத்தில் காலத்தால் வேறுபட்ட இரண்டு பீர்களை நாம் காய்ச்சுகிறோம் என்பதை மறத்தலாகாது.

ஆகவே ஸ்டவுட்டை முதலிலேயே ஒதுக்கலாம். வறுத்த மால்ட்டின் காரமான மணம் ஈஸ்ட்டின் குணத்தை மூடிவிடுவதோடு, அதற்கு அழகான கனத்தையும் பிரெட்டனோமைசஸ் தின்றுவிடும். ஹாப்ஸின் நறுமணத்தையே நம்பிய பேல் ஏலும் உசிதமன்று, இரண்டாம் ஈஸ்ட் வாய் திறப்பதற்குள் அந்த மணம் மங்கியிருக்கும். பவேரியக் கோதுமைப் பீரோ, வாழைப்பழமும் கிராம்புமாகப் புதிதாய் அருந்துவதற்கே பிறந்தது. கலவையில் ஏல் இனங்கள் மட்டுமே உள்ளன என்று உறுதியானால், அதைத் தாராளமாகத் தேர்ந்தெடுக்கலாம்.

என் அபிப்பிராயத்தில் முதல் பரீட்சைக்கு உரியது, பெல்ஜியத்தின் வாலோனியா பிரதேசத்துப் பண்ணைகளோடு சம்பந்தமுள்ள ஸேஸோன். வெளிர் மால்ட்டும் சிறிது கோதுமையும் சேர்த்து, தொடக்க அடர்த்தி 1.050-ஐ ஒட்டியதாகவும் கசப்பு மிதமாகவும் இருக்கும்படி இறக்கிய மால்ட் கஷாயம், ஈஸ்ட்டின் நன்மை தீமை இரண்டையும் ஒளிக்காது. இனிப்பே எஞ்சாத வறட்சி, பிற பீர்களில் குறையாயினும், இதில் லட்சணம். கொஞ்சம் கசப்பை விரும்புவோருக்கு, பிரெட்டனோமைசஸையும் ஹாப்ஸையும் வெகுநாளாகச் சமரசத்தில் வைத்திருக்கும் ஓர்வால் மடத்துப் பீரின் வழி திறந்தேயிருக்கிறது.

புட்டியில் அடைக்கும் கட்டத்தில்தான் அவசரம் அபாயமாகிறது. அடர்த்தி 0.001 இறங்குந்தோறும், பீரின் கனஅளவில் ஏறக்குறைய அரைப்பங்கு கரியமில வாயு பிறக்கும், 1.010-இல் அடைத்தது புட்டிக்குள்ளேயே 1.004-க்கு இறங்கினால், வழக்கமான நுரைக்குரியது போக, பீரின் கனஅளவைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு வாயு சேர்ந்து கண்ணாடியைப் பிளக்கும். நள்ளிரவில் அந்தச் சத்தத்தைக் கேட்டவர்கள், அடர்த்திமானி பல வாரங்கள் அசையாமல் நிற்பதைப் பார்த்தல்லாது மூடி போடமாட்டார்கள்.

இருபது லிட்டர் காய்ச்சினால், ஐந்து லிட்டரைப் பிரித்துப் பழகிய ஏல் ஈஸ்ட்டை மட்டும் அதில் இட்டு வையுங்கள். எஞ்சியதில் தோன்றும் வாசனைகளில் கஷாயத்தினுடையது எது, புதிய ஈஸ்ட்டினுடையது எது என்று முதல் மாதத்திலும் ஆறாம் மாதத்திலும் அதை அருகில் வைத்துச் சுவைத்தே சொல்ல இயலும். அடியில் படிந்த வண்டலை அடுத்த காய்ச்சலுக்கு எடுத்தாளுவது சிக்கனந்தான். ஆனால் அதற்குள் இனங்களின் விகிதம் மாறிவிட்டிருக்குமாதலால், அது வேறொரு கலவை.