செல்டா அடுத்த பாகம்: பழைய கைக்குப் புதுக் குறிப்புகள்

‘பிரெத் ஆஃப் த வைல்ட்’ (2017) ஆடிய பழக்கத்தில் ‘டியர்ஸ் ஆஃப் த கிங்டம்’ (2023) தொடங்குகிறவர்களுக்கு. நிலம் அதே ஹைரூல்தான். சண்டை போடும் விதம் மாறிவிட்டது.

1. நல்ல வாளைத் தேடி அலைய வேண்டாம். கதை தொடங்கும்போதே ஹைரூலின் ஆயுதங்கள் அரித்துப்போய்விடுகின்றன. இனி பலம் ‘ஃப்யூஸ்’ சக்தியால் முனையில் ஒட்டும் பொருளில்தான் இருக்கிறது. அதனால் அரக்கன் விழுந்ததும் கொம்பைப் பொறுக்கிக்கொண்டே நகருங்கள்.

2. இருப்பதிலேயே பெரிய கொம்பைக் கெருடோ ஆயுதத்துக்கு ஒதுக்குங்கள். ஒட்டிய பொருளின் பலத்தை அது இரட்டிப்பாக்கும். ஆனால் சீக்கிரம் உடையும்.

3. ஒட்டியதைப் பொருள்பையிலேயே கழற்றினால் ஒட்டிய பொருள் வீணாகிவிடும். டாரி டவுனில் 20 ரூப்பீ காசு கொடுத்தால் சேதமில்லாமல் பிரித்துத் தருவார்கள்.

4. முன்பு வெடிகுண்டுக்குப் பஞ்சமே இல்லை. இப்போது குகைகளில் குண்டுப்பூ பறித்துச் சேர்க்க வேண்டும். அதை வாளில் ஒட்டி அடித்தால் உங்களுக்கும் சேர்த்துத்தான் வெடிக்கும்.

5. நெருப்பம்பு, பனியம்பு என்று தனித்தனியாக வாங்கிவைக்கும் வேலை போயிற்று. வில்லை இழுத்துப் பிடித்தபடி மேல் திசைப் பொத்தானை அழுத்துங்கள். பையிலுள்ள பொருளெல்லாம் வரிசையாக நிற்கும். கீஸ் வௌவாலின் கண்ணைச் சேர்த்தால் அம்பு இலக்கைத் துரத்திப் போகும். குறி தவறுகிறவர்களுக்கு இது வரப்பிரசாதம். பட்டியல் நீண்டு எரிச்சலூட்டினால், அடிக்கடி எடுப்பவை முன்னால் வரும்படி மாற்றிக்கொள்ளலாம்.

6. போகோப்ளின் முகாமில் ஐந்தாறு பேர் கூடியிருந்தால் நேராக இறங்காதீர்கள். நிலத்தடியில் கிடைக்கும் ‘மடில் பட்’ மொட்டை அம்பில் வைத்து, இருப்பவர்களிலேயே பெரியவன் மேல் விடுங்கள். அவன் தன் கூட்டத்தையே அடிக்கத் தொடங்குவான். மிச்சமிருப்பவன் களைத்திருக்கும்போது நீங்கள் போனால் போதும். இன்னொரு வழி, ‘பஃப்ஷ்ரூம்’ காளான். கேடயத்தில் ஒட்டி ஓர் அடி வாங்கினால் புகை கிளம்பும். எதிரி உங்களைக் காணாமல் திணறும்போது பதுங்கித் தாக்கலாம். என் கணக்கில் இந்த விளையாட்டிலேயே மலிவான, பலமான வித்தை இதுதான்.

7. ஆக்டோராக் துப்பும் கல்லின் மேல் ‘ரீகால்’ சக்தியைப் போடுங்கள். வந்த வழியே திரும்பிப் போய் அதையே தாக்கும்.

8. சரியான நொடியில் விலகிச் சரமாரியாகக் குத்தும் பழைய உத்தி அப்படியே இருக்கிறது. விரல் பழக்கத்தை மாற்ற வேண்டாம்.

9. நிலத்தடிக்கு இறங்கும் முன் ‘சண்டீலியன்’ பூச் சேர்த்துச் சமைத்துக்கொள்ளுங்கள். அங்கே படியும் ‘க்ளூம்’ பட்டால் இதயங்கள் கருகிப்போகும். சாதாரணச் சாப்பாடு அவற்றை மீட்காது. கையில் அந்த உணவு தீர்ந்துவிட்டால் பக்கத்து ‘லைட்ரூட்’ வேரடிக்கு ஓடுங்கள்.