உள்ளே ஈரம் போகட்டும்

அன்புள்ள கவின்,

ஹார்டுவேர் கடையில் சிலிக்கான் டியூப் வாங்கி, பழவேற்காட்டுச் சிப்பியின் மேல் அரை அங்குலத்துக்கு அப்பியதாகவும், இரண்டு நாளாகியும் உள்ளே கூழாகவே இருப்பதாகவும் எழுதியிருந்தாய். டியூபில் பழுதில்லை. அது இறுகும் விதமே வேறு. காற்றிலுள்ள ஈரத்தை வாங்கித்தான் சிலிக்கான் ரப்பராகிறது. அப்போது அசிட்டிக் அமிலம் வெளியேறும். உன் அம்மா மூக்கைப் பொத்திக்கொண்ட வினிகர் நாற்றம் அதுதான். மேல்தோல் இறுகியதும் ஈரம் உள்ளே இறங்குவது மெதுவாகிவிடும். நாளொன்றுக்கு 2, 3 மில்லிமீட்டர் ஆழம் இறுகினாலே அதிகம்.

உங்கள் சூளூர்பேட்டையிலிருந்து ஏரியைத் தாண்டினால் ஸ்ரீஹரிகோட்டா. எல்விஎம்3 ராக்கெட்டின் இரு பக்கமும் நிற்கும் எஸ்200 மோட்டார் ஒவ்வொன்றிலும் 200 டன்னுக்கு மேல் திட எரிபொருள் இருக்கிறது. அதுவும் வார்ப்புதான், தெரியுமா? அம்மோனியம் பெர்குளோரேட், அலுமினியப் பொடி, எச்டிபிபி என்கிற ரப்பர்ப் பிசின் எல்லாம் கலந்த கூழை, நடுவில் தண்டு நிறுத்திய உருளைக்குள் ஊற்றுகிறார்கள். இறுகியபின் தண்டை உருவினால் குடைவு கிடைக்கும். அத்தனை பருமனும் உள்ளே பச்சையாக நிற்பதில்லை. இறுக்கும் மருந்தைக் கூழ் முழுக்க முன்பே கலந்துவிடுகிறார்கள். உன் டியூபில் அப்படிக் கலந்து விற்க முடியாது, கடையிலேயே ரப்பராகிவிடும். ஆகவே ஈரத்தை உள்ளே அனுப்புவது உன் வேலை. அதற்குக் கார்ன்ஃபிளவர் மாவு போதும். தொட்டால் உலர்ந்திருக்கும், ஆனாலும் அதில் ஈரம் உண்டு.

டியூபில் '100% சிலிக்கான்' என்று இருக்கிறதா பார். அக்ரிலிக் கலந்தது இதற்கு உதவாது. திண்ணையில் உட்கார்ந்து செய்; அறைக்குள் வேண்டாம். கையுறை போட்டுக்கொள். சிப்பிக்கு மெல்லிசாக வாஸலின் தடவி, முதலில் வெறும் சிலிக்கானைக் கோடுகளுக்குள் புகும்படி விரலால் பூசு. நுணுக்கமெல்லாம் இந்தப் பூச்சில்தான் பதியும். பிறகு சிலிக்கானோடு ஏறக்குறைய சம அளவு மாவு சேர்த்துச் சப்பாத்தி மாவுபோல் பிசைந்து மேலே அமுக்கு. மாவு கூடினால் சீக்கிரம் இறுகும், ஆனால் அச்சு விறைப்பாகிவிடும். பிசைய ஆரம்பித்தால் சில நிமிடம்தான் கையில் நேரம்; நடுவில் போனை எடுக்காதே. மாவில்லாவிட்டால், பாத்திரம் கழுவும் லிக்விட் கலந்த தண்ணீருக்குள் சிலிக்கானைப் பிதுக்கி அங்கேயே பிசையலாம். எனக்கு மாவு முறைதான் பிடிக்கும்.

முதலில் மட்டிச் சிப்பியின் ஒற்றை ஓடு எடுத்துக்கொள். சங்கு வேண்டுமென்றால் அதன் வாயைக் களிமண்ணால் அடைத்துவிடு. இல்லையேல் சிலிக்கான் சுருளுக்குள் புகுந்துகொண்டு வெளியே வராது. பாட்டியின் பித்தளைப் பிள்ளையாரைத் தொடாதே. அமிலம் பித்தளையைக் கறுக்கடிக்கும். கொலு பொம்மையில் வர்ணமே பெயர்ந்து வந்துவிடலாம். கண்ணாடிமேல் வைத்துச் செய்யாதே. மீன்தொட்டியின் கண்ணாடிகளை ஒட்டுவதே இதை வைத்துத்தான். இந்த அச்சில் சாக்லேட், ஜெல்லி வார்க்கும் யோசனை இருந்தால் மறந்துவிடு. பாத்ரூம் டியூப்கள் பலவற்றில் பூஞ்சைக்கொல்லி கலந்திருக்கும்.

நாற்றம் அடங்கியபின் வார்க்கலாம். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் என்றால் தண்ணீரில் தூளைத் தூவு, தூளில் தண்ணீரை ஊற்றாதே. ஒரு பங்கு தண்ணீருக்கு இரண்டு பங்கு தூள். அச்சைத் தட்டித் தட்டிக் குமிழியை ஏற்று. இறுகும்போது நன்றாகச் சூடாகும். கையை அதற்குள் புதைத்துக் கையச்சு எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே, தோல் வெந்துவிடும். மிச்சத்தைச் சிங்க்கில் கொட்டினால் குழாய் அடைத்துக்கொள்ளும், உன் அப்பாவிடம் நான் பதில் சொல்ல முடியாது.

சதுர்த்திக்குப் பிள்ளையார் செய்யப்போவதாகவும் எழுதியிருந்தாயே, அதற்குப் பிளாஸ்டர் வேண்டாம். ஏரியில் கரையாது, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2020 நெறிமுறைகளும் அதைத் தடுக்கின்றன. களிமண்ணை அச்சில் அமுக்கி, ஒரு பொழுது அப்படியே விடு. காயும்போது மண் சுருங்கி ஓரம் விடும். அப்போது அச்சை வளைத்துப் பிள்ளையாரை எடு, மண்ணை இழுக்காதே.

அன்புடன்,
மாமா