தாத்தாவின் கோபம்

கோலார் தங்கவயலில் எங்கள் மையத்துக்கு ஒரு அக்கா படிக்க வருவார். ஒருநாள், "மாமனாருக்குப் புத்தி கலங்கிப் போச்சு தம்பி" என்றார். "ஒன்று கேட்டால் வேறு சொல்கிறார். தொட்டதற்கெல்லாம் கோபம். யாரோடும் பேசுவதில்லை."

நான் அவர் வீட்டுக்குப் போனேன். தாத்தா சுரங்கத்தில் பாறையைத் துளைக்கும் மிஷின் ஓட்டியவர். 2001இல் சுரங்கம் மூடும்வரை அந்தச் சத்தத்திலேயே இருந்தார். எதிரே உட்கார்ந்து நிதானமாகப் பேசினேன். எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னார்! புத்தியில் குறை இல்லை. காதில்தான் குறை.

பெரிய சத்தம் உள்காதைக் கெடுக்கும். வயதும் கெடுக்கும். முதலில் க, ச, த, ப ஓசைகள் மங்கும். "பால் வேண்டுமா?" என்றால், "கால் வலிக்கவில்லை" என்பார். நாம் சிரிப்போம். அவர் பேச்சையே விட்டுவிடுவார். பேச்சு குறைந்தால் மூளைக்கும் வேலை குறையும். காதைக் கவனிக்காமல் விட்டால் மறதி நோய் வரும் வாய்ப்பு கூடும்.

கத்திப் பேசாதீர்கள். திட்டுவது போல இருக்கும். முகத்துக்கு நேரே பேசுங்கள். டிவியை நிறுத்திவிட்டுப் பேசுங்கள். காதில் எண்ணெய், குச்சி வேண்டாம். சிலருக்குக் குறும்பிதான் அடைத்திருக்கும். டாக்டர் எடுத்தால் கேட்கும்.

தாத்தாவுக்குக் கருவி தேவைப்பட்டது. மைசூரில் அகில இந்தியப் பேச்சு, கேள்வி நிறுவனம் 1965 முதல் இருக்கிறது. அங்கே சோதித்துக் கருவி மாட்டினார்கள். முதல் வாரம், "தட்டுச் சத்தம்கூட இடி மாதிரி இருக்கு" என்று கழற்றி வைத்தார். அக்கா விடவில்லை. தினமும் கொஞ்ச நேரம் மாட்டிவிட்டார்.

இப்போது அக்கா வாசிக்கும்போது தாத்தா தப்புக் கண்டுபிடிக்கிறார். கோபம் அக்காவுக்கு.