எங்கள் தெருவின் குரல்

கண்களை மூடிக்கொண்டு நம் ஊரை நம்மால் அடையாளம் காண முடியுமா? கோபுரத்தைக் காட்டப் புகைப்படம் உண்டு. ஊரின் ஓசையைக் காட்ட என்ன உண்டு?

இவ்வாறு எண்ணியவர் கனடா நாட்டு இசையமைப்பாளர் மர்ரே ஷேஃபர் (1933–2021). அவரும் குழுவினரும் வான்கூவர் நகரத்துத் துறைமுக ஓசைகள், ஊதல்கள், மணிகள் ஆகியவற்றைப் பதிவு செய்து, 1973-இல் இரண்டு இசைத்தட்டுகளாக வெளியிட்டனர். பாடகர் யாருமில்லை, ஊரே பாடியது எனலாம்.

ஊரோசையை ஷேஃபர் மூவகையாகக் காண்கிறார். எப்போதும் அடியில் ஒலிப்பது சுருதி. (லால்குடி ஜெயராமன் பெயரால் உலகறிந்த ஊரில் சுருதிக்கு விளக்கம் வேண்டுமா என்ன!) நமக்கு அது சிதம்பரம் சாலைப் பேருந்துகளின் இரைச்சல். நம்மை நிமிர்ந்து பார்க்க வைப்பது அறிவிப்பு ஒலி. ரயிலின் ஊதல் போல. ஊருக்கே உரியது அடையாள ஒலி. சப்தரிஷீசுவரர் கோயில் மணியும் எங்கள் சிற்றாலய மணியும் அத்தகையவை.

அக்குழுவில் பணியாற்றிய ஹில்டெகார்ட் வெஸ்டர்கேம்ப் அம்மையார், 1978-இல் வான்கூவர் சமுதாய வானொலியில், தாம் நடந்த இடங்களின் ஓசைகளை ஒலிபரப்பினார். 1992-இல் மாக்ஸ் முல்லர் பவனின் அழைப்பில் புதுதில்லி வந்து பயிற்சி நடத்தினார். அங்கே அவரைக் கவர்ந்தது தெரு வியாபாரிகளின் கூவல். அவர் வாழும் நாட்டில் அது ஏறக்குறைய மறைந்துவிட்டதாம். அக்குரல்களைக் கொண்டு 1997-இல் ஓர் ஒலிப் படைப்பு செய்தார்.

இதை வகுப்பில் படித்ததும், தோழியர் நால்வர் அப்பாவின் கைப்பேசியுடன் தெருவில் இறங்கினோம். முதலில் அகப்பட்டவர் கீரைப் பாட்டி. "ஏண்டி பொண்ணுங்களா, கீரை வாங்காம என் கொரலை எதுக்குப் புடிக்கிறீங்க?" என்றார். இரண்டு கட்டு முளைக்கீரை வாங்கிய பிறகே அனுமதி கிடைத்தது!

திரும்பத் திரும்பக் கேட்டபோது வியப்பாயிருந்தது. 'கீரை' என்ற சொல்லே அதில் தெளிவாக இல்லை. முதல் எழுத்து தேய்ந்து, கடைசி எழுத்து மட்டும் நீண்டு, கொல்லைப்புறச் சமையலறை வரை போகிறது. வாசலில் நின்று கூப்பிடுகையில் அதுவே குறுகிவிடுகிறது. பத்து வருடங்களாகக் கேட்டும் நாங்கள் இதைக் கவனித்ததில்லை.

சில மாதங்களில் பாட்டிக்குத் தொண்டை கட்டிக் குரல் போயிற்று. அவர் பேரன் எங்களைத் தேடி வந்து, அப்பாயியின் குரலைத் தம் ஒலிபெருக்கியில் ஏற்றித் தரக் கேட்டார். கொடுக்கலாமா என்று எங்களுக்குள் பெரிய சண்டை. "ஆள் இல்லாத குரல் வேண்டாம்" என்றாள் ஒருத்தி. பாட்டியிடமே கேட்டோம். அவர் தலையசைத்தார்.

இப்போது காலை ஏழு மணிக்குப் பேரனின் சைக்கிள் வருகிறது. பாட்டியின் கூவல் தெருமுனைவரை கேட்கிறது. ஒவ்வொரு முறையும், அதன் பின்னாலேயே, பதிவு செய்தபோது அடக்க முடியாமல் எங்களில் ஒருத்தி இருமிய இருமலும் கேட்கிறது.